யாருக்குச் சொல்லும் கதை?

திருநங்கையர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தமிழில் எழுதத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன; தன்பாலீர்ப்பாளரும் பிறகு சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பக்கங்களில் நாம் எதைத் தேடினோம்? அவர்கள் எதை எழுதிவைத்தார்கள்?

லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ 2007இல் வெளிவந்தபோது, அதைக் கையில் எடுத்தவர்களில் பலர் ஒரே ஓர் இடத்தைத்தான் முதலில் தேடியிருப்பார்கள். ஆபரேஷன் எந்தப் பக்கத்தில் வருகிறது? எங்கே நடந்தது, யார் செய்தது, எவ்வளவு வலித்தது? வாசகரின் இந்தக் குறுகுறுப்பு வித்யாவுக்குத் தெரியாமல் இல்லை. அதனால் அதை நடுவில் ஒளித்துவைத்து ஆவலைக் கூட்டவில்லை, எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிட்டார். கடப்பாவுக்குப் போகும் ரயில் பயணத்தில் தொடங்குகிறது கதை. ‘நிர்வாணம்’ என்று திருநங்கையர் சொல்லும் அந்த அறுவைச் சிகிச்சை ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. வேடிக்கை பார்க்க வந்தவர் அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டுப் போகலாம். போகாதவருக்குத்தான் மற்றதெல்லாம்: திருச்சியில் கழிந்த பிள்ளைப் பருவம், மகன் படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றிருந்த அப்பா, ரேங்க் குறைந்தால் விழுந்த அடி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை, அந்தப் பட்டத்தோடு புனே ரயில்களில் காசு கேட்ட நாட்கள், பிறகு மதுரையில் கிடைத்த வேலை.

தமிழில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தொடங்கும் தன்வரலாறு எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று அல்லவா, இனி உட்கார்ந்து கேள் என்று வாசகரிடம் சொல்வது போன்ற தொடக்கம் அது.

உட்கார்ந்து கேட்பதுதான் இங்கே அரிது. மற்றபடி, கதை சொல்லச் சொல்லி இவர்களை நச்சரிக்க ஆளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நடையைப் பார்த்துச் சிரித்த வாத்தியார் கேட்டார். ‘எப்போதிலிருந்து இப்படி?’ என்று மனநல மருத்துவர் கேட்டார். குறி சொல்லும் சாமியாடி கேட்டார். சந்தேகக் கேஸில் பிடித்துப்போன ஏட்டு கேட்டார், அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர், ரேஷன் கார்டில் பெயர் மாற்றப் போனால் குமாஸ்தா. 2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம், அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. 2019இல் வந்த திருநர் உரிமைச் சட்டமோ, மாவட்ட ஆட்சியரிடம் மனுப் போட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொன்னது. ஆக, மறுபடியும் ஒரு மேஜைக்கு முன்னால் நின்று ‘நான் யாரென்றால்...’ என்று ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

இப்படிச் சொல்லிச் சொல்லி அந்தக் கதைக்கு ஒரு தேய்ந்த தடம் உண்டாகிவிட்டது. சின்ன வயதில் அக்காவின் பாவாடையைக் கட்டிப் பார்த்தேன், அம்மாவின் பொட்டை எடுத்து வைத்துக்கொண்டேன், பையன்களோடு விளையாடப் பிடிக்கவில்லை, வீட்டில் அடித்தார்கள், ரயிலேறினேன், மும்பை, வலி, திரும்பி வந்தேன். தொலைக்காட்சிப் பேட்டி ஒவ்வொன்றிலும் இதைக் கேட்டிருக்கிறோம். இதில் பொய் எதுவும் இல்லை, பெரும்பாலோருக்கு நடந்ததும் இதுதான். சிக்கல் அதில்தான் இருக்கிறது. நடந்தது உண்மையாகவே இருந்தாலும், எதிரில் இருப்பவர் தலையசைக்கும் வரிசையில் அதை அடுக்கிவைக்கப் பழகிவிட்டால், அந்த வரிசையில் சேராத நினைவுகள் மெல்லத் தொலைந்துபோகும். பையன்களோடு கபடி ஆடிச் சந்தோஷப்பட்ட ஒரு மாலை இருந்திருக்கலாம். அதைச் சொன்னால் ‘அப்படியானால் நீ நிஜமான திருநங்கை இல்லையோ’ என்று ஒரு கேள்வி வரும். எதற்கு வம்பு என்று கபடியை விட்டுவிடுகிறார்கள்.

தன்வரலாறு எழுத உட்காரும்போது எடுக்க வேண்டிய முதல் முடிவு, அந்தக் கபடியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான்.

அ. ரேவதி இதை எப்படிக் கையாண்டார் என்று பார்ப்பது சுவாரசியமானது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில், பால் லாரி ஓட்டிய குடும்பத்தில், துரைசாமியாகப் பிறந்தவர். தன் கதைக்கு முன்னால் பிறர் கதைகளைத்தான் அவர் எழுதினார். தமிழ்நாட்டுத் திருநங்கையர் பலரைச் சந்தித்து அவர்கள் சொன்னதைத் தொகுத்து, 2004இல் ‘உணர்வும் உருவமும்’ என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார். சொந்தக் கதை ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் தமிழில் வந்தது 2011இல். அதற்கு ஓராண்டு முன்னதாகவே, 2010இல், வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் பெங்குவின் வெளியிட்டிருந்தது. தமிழில் யோசித்துத் தமிழில் எழுதியவரின் புத்தகத்தை முதலில் படித்தது டெல்லியும் பெங்களூரும்தான், நாமக்கல் இல்லை. காரணம் என்னவாக இருந்தாலும், இந்த வரிசைமாற்றம் ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டு அத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் மொழியில் அதே வரி அச்சாகும்போது அதன் எடை வேறு.

அந்தப் புத்தகத்தில் ஒரு மாரியம்மன் திருவிழா வருகிறது. ஊர்ப் பையன்கள் வேஷம் கட்டுகிறார்கள், துரைசாமிக்குக் குறத்தி வேஷம். நிஜப் பெண் மாதிரியே இருக்கிறது என்று ஊரே மெச்சுகிறது. வருஷம் முழுக்க எந்த நடைக்காகக் கேலி செய்தார்களோ, அந்த நடைக்கு அன்று ராத்திரி கைதட்டல். ஊர் பார்த்தது ஒரு பையன் போட்ட பெண் வேஷத்தை. அந்தப் பிள்ளைக்கோ, மற்ற நாளெல்லாம் போட்டிருந்ததுதான் வேஷம். விடிந்ததும் பாவாடையை அவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி சட்டை நிஜாரில் புகுந்துகொள்ளும் துக்கத்தை ரேவதி அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார்.

இந்த அளவுக்கு எழுதியிருந்தாலே நல்ல புத்தகம்தான், வாசகர் கண்கலங்கிப் பாராட்டியிருப்பார். ரேவதி அங்கே நிற்கவில்லை. மும்பையில் திருநங்கைக் குருவின் வீட்டில் அடங்கியிருந்தவர், பாலியல் தொழிலுக்குப் போனதைப் பற்றி எழுதும்போது, பசிக்காகத்தான் போனேன் என்று முடித்திருக்கலாம். இயக்கக்காரர்களுக்கும் அது வசதியாக இருந்திருக்கும், அனுதாபம் குறையாமலும் இருந்திருக்கும். தன் உடம்புக்கும் ஆசை இருந்தது, அதுவும் தன்னை அங்கே கொண்டுபோனது என்று எழுதிவிட்டார். அங்கே பட்ட கொடுமையையும் கூடவே எழுதினார். ஒன்று இன்னொன்றை ரத்து செய்யவில்லை. ஆசைப்பட்டுப் போனவர் அடிபட்டால் அது அடியில்லை என்று சொல்லும் சமூகத்தின் முன்னால் இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும்.

சண்டைகளையும் விடவில்லை. ஜமாத் என்னும் திருநங்கையர் குழுவுக்குள் குருவுக்கும் சேலா எனப்படும் சிஷ்யைக்கும் நடக்கும் அதிகாரச் சண்டை, வீட்டில் அண்ணன்மாரோடு சொத்துத் தகராறு, சம்பாதித்து அனுப்பினால் மரியாதை, வெறும் கையோடு வந்தால் ஏச்சு. பெங்களூரில் சேர்ந்து பணியாற்றிய ஒருவரை மணந்து பிரிந்ததும் இருக்கிறது. வெளியுலகமே எதிரியாக இருக்கும் ஒரு கூட்டத்தின் உள்வீட்டுச் சங்கதியை வெளியே சொல்லலாமா என்ற கேள்வி இந்த வகை எழுத்தில் எப்போதும் உண்டு. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அவருடைய சொந்த ஊரிலேயே கோபம் கிளம்பியது. இருந்தும், தன் ஆட்களைத் தெய்வமாக்காமல் மனிதர்களாக எழுதியதால்தான் அந்தப் புத்தகம் இன்றைக்கும் நிற்கிறது. ‘வெள்ளை மொழி’க்கும் இதே நியாயம்தான்.

2019இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பட்லர் நூலகத்தின் முகப்பில் கல்லில் பொறித்திருக்கும் ஆண் மேதைகளின் பெயர்களுக்கு மேலே பெண் எழுத்தாளர்களின் பெயர்களைத் தாங்கிய பதாகை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். டோனி மாரிசன், மாயா ஏஞ்சலூ பெயர்களோடு அ. ரேவதியின் பெயரும் அதில் இருந்தது. நாமக்கல்லிலிருந்து வந்த தன்வரலாறு என்றால் நம் பாடப்புத்தகங்களுக்குத் தெரிந்தது நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’ மட்டும்தான். பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க ஒரு தமிழாசிரியர் தயங்கமாட்டார் என்று நம்ப ஆசை.

இந்தத் தன்வரலாறுகளுக்கு முன்னால் தமிழ் எழுத்து திருநங்கையரைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ சிறுகதை உண்டு. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ தொண்ணூறுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்து ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் போனது. அந்த நாவல் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பலருக்குத் திருநங்கை ஒருவரை மனுஷியாக அறிமுகப்படுத்தியதே அதுதான். ஆனாலும் வெளியிலிருந்து கரிசனத்தோடு எழுதுபவருக்குத் தன் பாத்திரத்தின் மீது இரக்கம் குறைந்துவிடக் கூடாதே என்ற கவலை இருக்கும். உள்ளிருந்து எழுதுபவருக்கு அந்தக் கவலை கிடையாது. எரிச்சல், பொறாமை, கஞ்சத்தனம், காமம், கேலி என்று எதை வேண்டுமானாலும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ‘நான் வித்யா’ கன்னடத்துக்குப் போய், அதைத் தழுவிப் படமும் எடுத்தார்கள். அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. அருமையான நடிகர், விபத்தில் அகாலமாகப் போய்விட்டார். திருநங்கையின் கதைக்கு விருது வாங்க ஓர் ஆண் வந்து நிற்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருநங்கையர் தமிழில் தன்வரலாறு எழுதிய அளவுக்குத் தன்பாலீர்ப்புள்ள ஆண்களும் பெண்களும் ஏன் எழுதவில்லை? கூச்சம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை, மனமொத்த இருவரின் உறவையும் குற்றமாகவே வைத்திருந்தது. நடுவில் 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் திறந்த கதவை 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாத்தியது. அந்தக் காலத்தில் ‘நானும் அவனும்’ என்று ஒரு பக்கம் எழுதி அச்சில் ஏற்றினால், அது தன் கைப்பட எழுதிக்கொடுத்த குற்ற ஒப்புதல். திருநங்கையின் உடலையும் உடையையும் ஊர் ஏற்கெனவே பார்த்துவிடுகிறது. மறைந்திருப்பவரிடம் மறைக்க ஒன்று இருக்கிறது, இழக்க ஒரு வேலை இருக்கிறது, பெரும்பாலும் ஒரு மனைவியோ கணவனோகூட இருக்கிறார்.

அதனால் கற்பனைக்குள் ஒதுங்கினார்கள். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ 1994இல் வந்தது, ஆங்கிலத்தில். கொழும்பில் பிறந்து, 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குப் போனவர் அவர். நாவலின் சிறுவன் அர்ஜியும் கொழும்புத் தமிழ்ப் பிள்ளை. பெண் பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு விளையாடுகிறான், அதில் அவன்தான் மணப்பெண். சேலையோடு பெரியவர்கள் கண்ணில் பட்டுவிட, அன்றோடு அந்த உலகம் மூடிக்கொள்கிறது. புத்தகத்தின் கடைசியில் வீடு எரிகிறது, குடும்பம் கிளம்புகிறது. இதில் எவ்வளவு சொந்த அனுபவம் என்று அவரைக் கேட்காத ஆளில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனித்தால் போதும். செல்வதுரையின் அப்பா தமிழர், அம்மா சிங்களவர். அர்ஜிக்கோ இரண்டு பக்கமும் தமிழ். தன் வீட்டுக்குள்ளேயே இருந்த இரண்டு இனத்தையும் நாவலில் ஒன்றாக்கியவர், எந்த நினைவை எங்கே வெட்டி ஒட்ட வேண்டும் என்று தெரிந்தே செய்திருக்கிறார். நாவலுக்கு அந்த உரிமை உண்டு. இலங்கையிலும் தன்பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகள் அப்போது அப்படியே இருந்தன. நாவல் வந்த மறு வருஷம், 1995இல், திருத்தம் என்ற பெயரில் பெண்களையும் அந்த வலைக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

தமிழில் கொஞ்சம் தாமதமாகத்தான் காற்று அடித்தது. சென்னையில் பால்புதுமையர் எழுத்துக்கென்றே ‘குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ்’ என்ற அமைப்பு தொடங்கியது, 2018இல் முதல் இலக்கிய விழாவை நடத்தியது. அதே ஆண்டில் கிரீஷின் ‘விடுபட்டவை’ என்ற புத்தகம் வந்தது. 2021 ஜூனில், மதுரையிலிருந்து பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைப் படித்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இந்த விஷயத்தில் தனக்கிருந்த அறியாமையையும் தயக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை உத்தரவிலேயே எழுதிவைத்தார். எப்போதும் மனுதாரர்தான் தன்னை விளக்கிக்கொண்டு நிற்பார். இந்த முறை நீதிமன்றமும் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொண்டது. தீர்ப்பு எழுத்தில் தன்வரலாற்றுப் பத்தி ஒன்றைப் பார்ப்பது அபூர்வம்.

இன்னும் அச்சுக்கு வராத தன்வரலாறும் உண்டு. தெற்கத்தி ஊர் ஒன்றில், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு, நீளமான கணக்கு நோட்டில் தன் கதையை எழுதத் தொடங்கினார். அண்ணன் மகள், கல்லூரியில் பாடம் நடத்துபவள், லேப்டாப்பில் அடித்துக்கொடுக்கிறாள். சித்தப்பா விஷயம் அவளுக்குப் பத்து வயதிலேயே தெரியுமாம், அவர்தான் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நோட்டின் நடுவே ஒரு கல்யாணம் வருகிறது. அவர் உயிராக நினைத்த சிநேகிதனின் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக இவர்தான் பக்கத்தில் நின்றிருக்கிறார், வேட்டி அவிழாமல் பிடித்துவிட்டதும் மாலையைச் சரிசெய்ததும் இவர்தான். முதலில் எழுதியதில், தாலி கட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது என்று இருந்தது. அதை அடித்துவிட்டார். சினிமாவில் வருவது மாதிரி இருக்கிறதாம். இரண்டாவதாக எழுதியதில் எதுவும் உணரவில்லை என்றிருந்தது, அதுவும் அடிபட்டது. மூன்றாவதில் கல்யாணம் நாலே வரி. அதற்குப் பிறகு மறுவீட்டு விருந்து ஒன்றரைப் பக்கம். பெண் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு பிரமாதமாம். இலையில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மாப்பிள்ளை, புதுப்பெண்ணை இவருக்குக் கறி அள்ளி வைக்கச் சொன்னதும், அவள் ‘அண்ணே, நல்லாச் சாப்பிடுங்க’ என்றதும் இருக்கிறது.

அதை வெட்டிவிட வேண்டும் என்றார். “உசிரா நெனச்சவன் இன்னொருத்திய கட்டிக்கிட்ட மறுநாளு மூணு தடவ சோறு வாங்குனேன்னு எழுதுனா, படிக்கவன் என்ன நெனப்பான்? இவன் விரும்புனதே பொய்யின்னுல்லா நெனப்பான்?”

“சாப்பிட்டீகளா இல்லையா, சித்தப்பா?” என்றாள் அவள்.

“சாப்பிட்டேன்.”

“அப்ப இருக்கட்டும்.”

என் ஓட்டும் அவளுக்குத்தான். கண் இருட்டியதை யாரும் எழுதிவிடுவார்கள். இன்னொரு தகராறுக்குத்தான் லேசில் தீர்வு இல்லை. அந்தச் சிநேகிதன் உயிரோடு இருக்கிறார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார். கறி அள்ளி வைத்த அந்தப் பெண்ணும் இருக்கிறார். பெயரை மாற்றலாம், வேலையை மாற்றலாம். சின்ன ஊரில் மறுவீட்டுக்குப் போன மாப்பிள்ளைத் தோழன் யார் என்று தெரியாதவர்கள் இல்லை. இவர் தன் உண்மையை எழுதினால், இன்னொருவருடைய ரகசியம் அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிடும். எழுதியவருக்கு அது விடுதலை, அந்த அம்மாளுக்கு அறுபது வயதில் ஓர் இடி. இந்த இடத்தில் ‘உண்மையே முக்கியம்’ என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஊரையும் ஜாதியையும் தொழிலையும் சேர்த்து மாற்றிவிட்டு, நடந்ததை மட்டும் அப்படியே வைக்கும்படி சொன்னேன். ஜாதியை மாற்றினால் விருந்து மாறிவிடும் என்றார். அதுவும் சரிதான். இப்போதைக்கு அந்த அத்தியாயம் தனியாக இருக்கிறது.

போன மாதம் இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. கல்யாணம் 1989 என்று நோட்டு முழுக்க எழுதியிருந்தார். பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. 1991 ஆவணி என்று போட்டிருக்கிறது. முதலில் நம்பவில்லை. அச்சுப் பிழை என்றார். பிறகு அவள்தான், ரெண்டு பேரும் சேர்ந்து தமிழ் வருஷப் பிறப்பன்று ‘கேப்டன் பிரபாகரன்’ முதல் காட்சி பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று எடுத்துக் காட்டினாள். அது 1991 ஏப்ரலில் வந்த படம். கல்யாணமான பிறகு அந்த மனிதர் இவரோடு சினிமாவுக்கு வந்ததே கிடையாது.

முப்பது வருஷத்துக்கு மேலாக, அந்தப் பிரிவை இரண்டு வருஷம் முன்னாலேயே நடந்ததாகக் கணக்கு வைத்திருந்திருக்கிறார். கணக்கெழுதிப் பிழைத்தவர். அந்த இரண்டு வருஷத்தில் கூட இருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று இப்போது ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டிருக்கிறார். சீசனுக்குக் குற்றாலம் போய் லாட்ஜ் கிடைக்காமல் பஸ் ஸ்டாண்டில் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தது எந்த வருஷம்? சைக்கிளை விற்று டி.வி.எஸ். வாங்கியது அதற்கு முன்னாலா பின்னாலா? அண்ணன் மகள் லேப்டாப்பில் பழைய அத்தியாயத்தை இரண்டாகப் பிரித்துவிட்டாள். புதிய பாதிக்கு இதுவரை பதினோரு பக்கம் வந்திருக்கிறது.